ஜெகதாப்பட்டினத்தில் ‘பாரம்பரியம்’ என்கிற சொல்

சிசிலிக்குப் பக்கத்தில் ஃபாவிஞானா என்றொரு சிறு தீவு. போன வருஷம் அங்கே போய்வந்த நண்பர் படங்களைக் காட்டினார். கரையோரம் கல்லால் கட்டிய பெரிய சூரைமீன் ஆலை. ஃப்ளோரியோ குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது, இப்போது அருங்காட்சியகம். உள்ளே துருப்பிடித்த நங்கூரங்கள், ஓய்ந்துபோன படகுகள். சூரைக் கூட்டத்தை வலையால் ஆன அறை அறையாக ஓட்டிக்கொண்டுபோய்க் கடைசி அறையில் வைத்துக் குத்திக் கொல்லும் ‘மத்தான்சா’ அங்கே கடைசியாக 2007இல் நடந்ததாம். மீன் குறைந்தது, ஆலை மூடியது, ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அதற்கப்புறம் டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிறார்கள்.

‘நம்ம பக்கம் இந்த மாதிரி சின்னத் துறைமுக ஊரு ஒண்ணு சொல்லுங்க, போய்ப் பார்ப்போம்’ என்றார் நண்பர். ஜெகதாப்பட்டினம் என்றேன். ‘அடிக்கடி கைதாவாங்களே, அந்த ஊரா?’ என்றார்.

தமிழ் நாளிதழ் வாசகனுக்கு ஜெகதாப்பட்டினம் என்கிற பெயர் தனியாக வருவதே கிடையாது. ‘ஜெகதாப்பட்டினம் மீனவர்கள்’ என்று ஆரம்பித்துச் ‘சிறைபிடிப்பு’, ‘காவல் நீட்டிப்பு’, ‘விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம்’ என்று எதிலாவது முடியும். ஊர் என்பது ஒரு வாக்கியத்தின் எழுவாயாக மட்டும் சுருங்கிப்போன நிலை. இந்த நிலையில் அங்கே போய்க் ‘கடற்கரைப் பாரம்பரியம்’ தேடுவது கொஞ்சம் அபத்தம்தான். ஆனால் அந்த அபத்தத்துக்குள்தான் நான் பேச விரும்பும் விஷயம் இருக்கிறது.

‘பாரம்பரியம்’ என்கிற சொல் இந்தக் கரையில் மூன்று வாய்களில் புழங்குகிறது. முதலாவது சுற்றுலாவின் வாய். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும், 2004 சுனாமிக்குப் பிறகு செப்பனிடப்பட்ட பழைய வீடுகளும் அதற்குப் பாரம்பரியம். அங்கேயே பக்கத்தில் இருக்கும் மீனவர் குடியிருப்பு அந்தக் கணக்கில் சேராது, ‘காட்சி’ என்ற கணக்கில் சேரும். இரண்டாவது சட்டத்தின் வாய். இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்தச் சொல் ஒரு ஷரத்தாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது நம்முடைய வாய். ‘பாரம்பரிய மீன்பிடி உரிமை’ என்று மேடையிலும் சுவரொட்டியிலும் நாம் சொல்வது. 2013 மாணவர் போராட்டத்தின்போது அந்தத் தலைப்பில் எங்கள் ஊரில் விநியோகித்த துண்டறிக்கையை எழுதியது நான்தான். நான்கு பக்கம். அதில் இழுவைமடி என்கிற சொல் ஓரிடத்திலும் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து கிழக்கே இறங்கினால் கடல். இவ்வளவு சுலபமாக ‘இறங்கினால் கடல்’ என்று எழுதிவிட முடிவது சமீப காலத்து விஷயம். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. நாலு பக்கமும் நிலம். அறந்தாங்கியும் மணமேல்குடியும் தஞ்சாவூர் ஜில்லாவில் கிடந்தவை. 1974 ஜனவரி 14இல் மாவட்டம் உண்டாக்கப்பட்டபோதுதான் புதுக்கோட்டைக்குச் சுமார் 40 கிலோமீட்டர்க் கரை சேர்ந்தது. அதே வருஷம் ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பாக் நீரிணையின் நடுவே எல்லைக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார்கள். மாவட்டத்துக்குக் கடல் வந்து ஆறு மாதம் ஆவதற்குள் அந்தக் கடலின் மறுபாதி போய்விட்டது.

மாவட்டத்தின் மனம் இன்னும் உள்நாட்டு மனம்தான். சித்தன்னவாசல், திருமயம், குடுமியான்மலை, நார்த்தாமலை, ஆவுடையார்கோயில் — புதுக்கோட்டையின் பெருமை என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தப் பட்டியல்தான் வரும். எல்லாம் கல். உப்புக்காற்று படாத கல். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணி வளர்ந்தவன்தான்.

வேடிக்கை என்னவென்றால், கடலே இல்லாத அந்தச் சமஸ்தானத்தில்தான் 1898இல் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு ஏற்புடையது எளிய விளக்கம்: இது இனிமேல் காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள். தெற்கே அழகன்குளத்தில் 1986 முதல் நடந்த அகழாய்வுகளில் மத்தியதரைக் கடல் சாடிகளின் உடைசல்கள், ரோமக் காசுகள், பானையோட்டில் கீறிய ஒரு கப்பல் உருவம் எல்லாம் வெளியே வந்தன. வடக்கே மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். எங்கேயோ ஐரோப்பாவில் ஒருத்தன் தோற்றதற்கு இந்தக் கரையில் ஒரு கோபுரம்! வெளியூர்க்காரன் வந்தால் முதலில் காட்டப்படுவது அதுதான். ஆக, ‘மத்தியதரைக் கடல் தொடர்பு’ வேண்டுமென்றால் இந்தக் கரையில் பஞ்சமே இல்லை. ஜெகதாப்பட்டினத்தில் அப்படி எதுவும் கிடையாது. கோட்டை இல்லை, கோபுரம் இல்லை, காசுப் புதையல் இல்லை. கோட்டைப்பட்டினத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினால் கடைகள், ஐஸ் ஏற்றிய வண்டிகள், அப்புறம் படகுகள்.

*

நான் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. கிழமை முக்கியம். பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான்: திங்கள், புதன், சனி. டோக்கன் வாங்கிக்கொண்டு போய் மறுநாள் திரும்புவார்கள். மிச்ச நான்கு நாளும் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஆகவே ஞாயிறு என்பது சனிக்கிழமை போன விசைப்படகுகள் மீன் இறக்கும் நாள். ஒரே கடலை இரண்டு விதமான ஆட்கள் கிழமை வைத்துப் பங்குபோட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை யாரும் ‘பாரம்பரியம்’ என்று அழைப்பதில்லை. வலை அறுந்து, அடிதடி நடந்து, பிறகு உட்கார்ந்து பேசி உண்டானது அது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல்வரை விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது. அந்தச் சட்டம் எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்று கேட்டால் கரையில் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். ஆனால் கிழமைக் கணக்கு இன்னும் நிற்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கரையின் பாரம்பரியங்களில் முதலில் குறிக்க வேண்டியது இதைத்தான்.

ஏலம் நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நண்டு, இறால், கணவாய் தனித்தனியாகக் கூடைக்குப் போயின. இவை மூன்றுக்கும் ஏலக்காரர் குரல் மாறுகிறது. காரல் குவியல் குவியலாக. அதற்கும் அப்பால், யாரும் தனியாகப் பிரிக்காத ஒரு குவியல். விரல் நீளம் வராத குஞ்சுகள், பெயர் தெரியாத பூச்சிகள், உடைந்த சிப்பி, பச்சையாய்க் கொஞ்சம் புல். ‘சங்காயம்’ என்றார்கள். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும். அந்தப் பச்சைப் புல்லை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடலடியில் வேர்விட்டு வளரும் புல் அது. இதற்குப் பிறகு வருகிறேன்.

இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே பல வருஷம் ‘மீனவர் பிரச்சினை’ பேசியவன் நான். இதைப் படிப்பவர்களிலும் அப்படிச் சிலர் இருக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். கூம்பு வடிவத்தில் ஒரு பெரிய வலைப் பை. அதன் வாயை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்க இரண்டு கனத்த பலகைகள். வாயின் கீழ் விளிம்பு தரையை விட்டு எழும்பாதபடி எடை. எஞ்சின் இழுக்க இழுக்க அந்த வாய் கடலடியைத் துடைத்துக்கொண்டே போகும். கண்ணில் படுகிற மீனைப் பிடிக்கும் கருவி இல்லை இது. போகிற பாதையில் இருக்கிற எல்லாவற்றையும் அள்ளி, கரைக்கு வந்தபின் எது மீன் என்று தீர்மானிக்கும் கருவி. பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல், பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. அடியில் புல்வெளி. அங்கே இதை இழுப்பது எப்படி இருக்கும் என்று ஒரு விவசாயிக்குச் சொல்ல வேண்டுமென்றால், ஆட்டுக்குப் புல் வேண்டும் என்பதற்காக மேய்ச்சல் காட்டையே உழுவது மாதிரி.

இந்த மடி எங்கிருந்து வந்தது? நோர்வே அரசின் உதவியோடு 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் ஆரம்பித்த திட்டத்திலிருந்துதான் இந்தியாவில் மீன்பிடி இயந்திரமயமாதலின் கதையைத் தொடங்குவார்கள். அறுபதுகளில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தது. அரசு மானியம் கொடுத்தது, வங்கி கடன் கொடுத்தது, கடல் பரிச்சயமே இல்லாத சாதிகளிலிருந்தும் முதல் போட்டவர்கள் படகு வாங்கினார்கள். ஆக, ‘பாரம்பரிய மீனவர்’ என்று நாம் சொல்லும்போது நம் மனதில் தோன்றும் சித்திரத்துக்கும் விசைப்படகின் உரிமையாளருக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தப் படகில் பங்குக்கோ கூலிக்கோ போகிற ஆளுக்கும் உரிமையாளருக்கும் இடையில் இன்னொரு தூரம். கைதாகிறவர் இந்த ஆள். பெயர் இல்லாமல் எண்ணிக்கையில் மட்டும் வருகிறவர்.

*

ஃபெர்னான் ப்ரோதெல் மத்தியதரைக் கடலைப் பற்றிய தன் பெரிய நூலின் பெரும்பகுதியை இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோது எழுதினார். 1949இல் அது வெளிவந்தது. நாடுகளை எடுத்துக்கொண்டு அவற்றின் ஓரத்தில் கடலை வைப்பதற்குப் பதிலாக, கடலை நடுவில் வைத்து நாடுகளை அதன் ஓரங்களாகப் பார்த்தது அந்த நூல் செய்த காரியம். கைதியாக இருந்தவனுக்குத்தான் எல்லைகள் இல்லாத வரலாறு தோன்றியது என்று வசீகரமாக எழுதிவிடலாம். அதை விடுங்கள். நமக்கு வேண்டியது அந்தப் பார்வைத் திருப்பம்.

பாக் நீரிணைக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் என்ன தெரிகிறது? முதலில் அந்தப் பெயர். 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர் அது. (எங்கள் ஊரில் பல பேர் அதை வெற்றிலைபாக்குப் பாக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், கவர்னரைவிட அது மேல்.) பெயர் போகட்டும், இது ஒரு உள்கடல். இரண்டு பக்கமும் ஒரே மொழி பேசும் கரை. பட்டினப்பாலையின் சரக்குப் பட்டியலில் ஈழத்திலிருந்து வந்த உணவும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் பனைமரமும் சங்கும் இந்தப் பக்கம் வந்தன. இங்கிருந்து அரிசியும் துணியும் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள் கடந்ததும் இந்தத் தண்ணீரைத்தான். 1914இல் தனுஷ்கோடிவரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்தபின் சிறு துறைகளின் மவுசு குறைந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியும் போனது. 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் அகதிகள் வந்தார்கள்.

நம் இலக்கியத்தில் இந்தக் கடத்தல் எங்கே பதிவாகியிருக்கிறது? நெய்தலின் உரிப்பொருளே இரங்கல். கரையில் நின்று கடலைப் பார்க்கிறவளின் பிரதி அது. நவீனத்தில் வண்ணநிலவன் 1977இல் ‘கடல்புரத்தில்’ எழுதினார், தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ எழுதினார், ஜோ டி குருஸ் 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதினார். மூன்றும் திருநெல்வேலி, குமரிக் கரைகள். ப. சிங்காரத்தின் தோணி மலேயா, சுமத்ரா என்று வேறு கடலுக்குப் போய்விட்டது. நான் படித்தவரையில் மணமேல்குடிக்கும் தொண்டிக்கும் இடையிலான இந்தக் கரை நாவலில் ஏறவில்லை. செய்தித்தாளில் மட்டும்தான் ஏறியிருக்கிறது.

கரையில் எழுபது தாண்டிய ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயசில் பாய் விரித்த படகில் போயிருக்கிறார். படகுக்குக் குறுக்கே நீளமாக ஒரு பலகை போட்டிருப்பார்கள், காற்று ஓங்கினால் ஆள் அதன் நுனிக்குப் போய் நிற்க வேண்டும் என்றார். எழுந்து நின்று காட்டினார். கால் பெருவிரல்கள் சிமெண்டுத் தரையைப் பற்றிக்கொண்டன. ‘படகு சாயாம இருக்கிறது பாயில இல்ல தம்பி, அந்தப் பலகையில நிக்கிறவன் ஒடம்புல இருக்கு.’ சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் வெளியிட்ட நூலில் பாக் விரிகுடாப் படகுகளின் இந்தப் பலகையை விவரித்திருக்கிறார். எம்.ஏ. படித்த எனக்கு அது புத்தகத்தில் இருக்கிறது, பெரியவருக்குக் கால் விரலில் இருக்கிறது. அருங்காட்சியகம் வைத்தால் பலகையைக் கொண்டுபோய் வைக்கலாம். விரலை என்ன செய்வது?

‘அந்தக் காலத்துல கோடு எங்க இருந்துச்சு ஐயா?’ என்று கேட்டேன். ‘கோடா? காத்துதான் கோடு. வாடை அடிச்சா ஒரு பக்கம், கச்சான் அடிச்சா ஒரு பக்கம்.’

*

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. பெரியவரின் வாக்கியத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ப்ரோதெலும் மகிழ்வார். என்னுடைய 2013 துண்டறிக்கை ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது: இரு கரையும் ஒரு தமிழ், கோடு அந்நியம், கச்சத்தீவை மீட்போம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதை இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1974 ஒப்பந்தம் 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. அதன் ஐந்தாவது ஷரத்து, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்புபோலவே அந்தத் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாவது ஷரத்து, இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் நீர்ப்பரப்பில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. நம் கோரிக்கையின் ‘பாரம்பரியம்’ வருவது இங்கிருந்துதான். ஆனால் 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் நீர்ப்பரப்பில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. மீனவர் யாரையும் கேட்டு இதைச் செய்யவில்லை. தமிழ்நாட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று நாம் சொல்வதில் பிழையில்லை. 2024 தேர்தல் சமயத்தில் டெல்லியிலிருந்துகூட அதைச் சொன்னார்கள்.

ஆனால் கச்சத்தீவு ராமேஸ்வரத்துக்கு எதிரே இருக்கிறது. ஜெகதாப்பட்டினத்துப் படகுகள் பிடிபடுவதாகச் செய்தி வருவது பெரும்பாலும் நெடுந்தீவுப் பக்கம். நாளைக்கே கச்சத்தீவு திரும்பி வந்தாலும் நெடுந்தீவு வராது. இதைத் துண்டறிக்கை எழுதும்போது நான் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது, நடுவில் ஒரு யுத்தம் நடந்தது. 1983 முதல் 2009 வரை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் வடக்கிலங்கைத் தமிழ் மீனவருக்குக் கடல் மூடியிருந்தது. பாஸ் முறை, நேரக் கட்டுப்பாடு, எஞ்சின் தடை, முழுத் தடை என்று. அந்தக் காலி இடத்தில்தான் நம் விசைப்படகுகள் பெருகின. நாம் ஈழத்துக்காக ஊர்வலம் போன அதே வருஷங்களில் நம் மடி ஈழத்துக் கடலடியை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன, ஒன்று மற்றதை மறைத்தது. யுத்தம் முடிந்து அவர்கள் சின்னப் படகும் கண்ணி வலையுமாகத் திரும்பக் கடலில் இறங்கியபோது, இரவில் விரித்த வலை காலையில் துண்டுதுண்டாகக் கிடந்தது. இந்திய றோலர் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 2010 ஆகஸ்டில் அங்கிருந்து மீனவர் குழு சென்னைக்கு வந்தது. இரு தரப்பும் உட்கார்ந்து, ஓராண்டுக்குள் இழுவைமடியை விட்டுவிடுவது என்று பேசி முடித்தார்கள். மீனவரும் மீனவரும் நேருக்கு நேர் பேசி எட்டிய அந்த முடிவு இரண்டு அரசுகளாலும் கையில் எடுக்கப்படாமல் கிடந்து போனது. கிழமைக் கணக்கு எப்படி உண்டானதோ அதே வழியில் கடலின் குறுக்கே உண்டாகியிருக்க வேண்டிய கணக்கு அது. நம் பத்திரிகைகளில் அதற்கு எத்தனை பக்கம் கொடுத்தோம்? 2017 ஜூலையில் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதைக் கோரியவர்கள் வடக்குத் தமிழ் மீனவர்கள். நாமோ அதைச் சிங்களச் சட்டம் என்று படித்தோம்.

கடற்படை செய்தவற்றை இது எந்த விதத்திலும் நியாயப்படுத்தாது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகொன்று இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். கூலிக்குப் போனவன் சிறையில் இருக்க, வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன என்று தெரியாமல் பெண்கள் சாலையில் உட்காருகிறார்கள். அந்த மறியலில் நானும் உட்காருவேன். உட்கார்ந்துகொண்டு எந்த வாசகத்தைக் கத்துவது என்பதில்தான் இப்போது எனக்குச் சிக்கல்.

*

விசைப்படகு வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டேன். நாற்பது வயசிருக்கும், என்னை ‘சார்’ என்றார். மடி அடியை அழிக்கிறது என்பது அவருக்குத் தெரியாததில்லை. ‘எங்க தாத்தா பிடிச்ச மீனுல பாதிப் பேரு எம் புள்ளைக்குத் தெரியாது சார்’ என்றார். அப்புறம் கணக்குச் சொன்னார். டீசல், ஐஸ், கூலி, வட்டி. ஒரு போக்குக்கு இவ்வளவு பிடித்தால்தான் நஷ்டமில்லை. நம் பக்கத்துக் கடலில் அவ்வளவு இல்லை. 2018 நவம்பரில் கஜா வந்து படகுகளைத் தூக்கிப் போட்டபோது செப்பனிட வாங்கிய கடனும் நிற்கிறது.

2017இல் அரசு ஒரு வழி சொன்னது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடலுக்குப் போய்ச் சூரை பிடிக்கும் படகு வாங்கிக்கொள்ளலாம். படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. மூன்று ஆண்டில் 2000 படகு என்பது இலக்கு. அதில் ஒரு சிறு பகுதிகூட நிறைவேறவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானதில்லை. பாக் விரிகுடாவில் ஆழ்கடல் கிடையாது. ஜெகதாப்பட்டினத்துக்காரர் ஆழ்கடலுக்குப் போக வேண்டுமென்றால் வேறு துறைமுகத்துக்குக் குடிபெயர வேண்டும், வேறு தொழில் படிக்க வேண்டும், ஒரு நாளில் திரும்புகிறவர் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். இதைச் சும்மா ‘மாற்றுத் தொழில்’ என்று எழுதிவிட முடியாது. (சிசிலியில் சூரை தீர்ந்தபோது அருங்காட்சியகம் வந்தது, இங்கே இறால் தீரும்போது சூரையைக் காட்டுகிறார்கள்.)

அந்தப் புல்லுக்கு வருகிறேன். பாக் விரிகுடாவின் அடியிலிருக்கும் கடற்புல்லைத் தின்று வாழும் மிருகம் கடற்பசு. கரையில் ஆவுளியா என்பார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். பாதுகாப்பகம் ஜெகதாப்பட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கிலேயே முடிந்துவிடுகிறது. மடியில் சிக்கிய ஆவுளியாவை வெட்டி விட்டுவிட்டதாக ஒரு இளைஞர் சொன்னார். மடியின் விலையைக் கேட்டபோது அது சாதாரண விஷயமில்லை என்று புரிந்தது. அறிவிப்புக்கு முன்னால் எத்தனை சிக்கியிருக்கும் என்று கேட்டேன். பெரியவர் குறுக்கிட்டு, ‘அந்தக் காலத்துல கறி திம்பாக தம்பி, அதையும் எழுதிக்கிருங்க’ என்றார். எழுதிக்கொண்டேன். பாரம்பரியம் என்றால் அதுவும்தானே.

*

திரும்பும்போது அறந்தாங்கிக்கு அப்பால் அழியாநிலையில் இறங்கினேன். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று இந்த மாவட்டத்தில் மூன்று. 2021இலிருந்து அகதிகள் முகாம் என்று சொல்லக் கூடாது, மறுவாழ்வு முகாம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே எனக்குப் பழக்கமான ஒருவர் உண்டு. மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரர். 1990இல் பதினான்கு வயதில் படகில் வந்தவர். தகப்பனார் கடல் தொழில். இவர் பெயிண்ட் அடிக்கிறார், முகாமில் பாதி ஆண்களுக்கு அதுதான் வேலை.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து வருகிறேன் என்றேன். ‘அங்க போட்டுகளுக்கும் பெயிண்ட் அடிச்சிருக்கன்’ என்றார். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நல்ல சனம். சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவினம்’ என்றார்.

அவருடைய அண்ணன் திரும்பிப்போய்ப் பேசாலையில்தான் இருக்கிறார், தொழிலும் கடல்தான். வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவார்களாம். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

‘உங்கட தடைக்காலம் எப்ப தொடங்குது எண்டு கேப்பார். ஒவ்வொரு வருசமும் கேப்பார். அந்த ரெண்டு மாசம்தானே அவை பயமில்லாம வலை விடுற காலம்.’

தடைக்காலம் என்று நாம் பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லும் அந்த 61 நாட்கள். நிவாரணம் போதவில்லை என்று நாம் மனு கொடுக்கும் நாட்கள்.

‘இந்த முறையும் மாத்தமில்லையே அண்ணை?’ என்றார்.

‘ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14’ என்றேன்.

‘சரி, சொல்லிவிடுறன்’ என்று போனை எடுத்தார்.